மாடிப்படிக்குக் கீழே ஒரு வார்டன்

எனக்கு நாற்பத்திரண்டு வயது. பூட்டுத் தொழிலில் பாதி ஆயுளைக் கழித்திருக்கிறேன். இந்தக் கட்டடத்துக்குள் என் பெயர் பாப்பா.

கட்டடம் அப்பா கட்டியது. அவர் இருந்தவரை எல்லாம் ஒரே கம்பெனி. கதவும் ஜன்னலும் தாழ்ப்பாளும் ஒரே பில்லில் போகும். அவர் போன பிறகு பெரியண்ணன் கதவை எடுத்துக்கொண்டார். சின்னண்ணன் ஜன்னலை எடுத்துக்கொண்டார். மிச்சம் இருந்த பூட்டு, தாழ்ப்பாள், கீல் எல்லாம் எனக்கு வந்தது. வீடு கட்டுகிறவர்கள் இப்போது வாசல் கவுன்டரில் கதவுக்குச் சொல்லிவிட்டு, அடுத்த கவுன்டரில் ஜன்னலுக்குச் சொல்லிவிட்டு, வராந்தாவின் கடைசியில் கழிவறையை ஒட்டியிருக்கும் என் அறைக்கு வர வேண்டும். கழிவறையைத் தேடி வந்து பூட்டு வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர்களும் வாடிக்கையாளர்கள்தான்.

அண்ணன்கள் இருவரும் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. சண்டை போட வேண்டுமானால் பேச வேண்டும். பெரியவர் சின்னவரிடம் ஏதாவது சொல்ல நினைத்தால் என்னிடம் சொல்வார். சின்னவர் பதிலை என்னிடம் சொல்வார். இடையில் உள்ள வசவுகளை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. சில நாட்களில் மிச்சம் எதுவும் இருக்காது.

கம்பெனி மூன்றாகப் பிரிந்தாலும் சர்வர் ஒன்றுதான். மாடிப்படிக்குக் கீழே, முன்பு துடைப்பமும் வாளியும் இருந்த இடத்தில், அது உட்கார்ந்திருக்கிறது. ஆர்டர், அளவு, மரம் அறுக்கும் மெஷினுக்குப் போகும் வரைபடம் எல்லாம் அதில்தான். ஆனால் பெரியண்ணனின் ஆர்டரைச் சின்னண்ணன் பார்க்கக் கூடாது. சின்னண்ணனின் அளவைப் பெரியண்ணன் பார்க்கக் கூடாது. அதனால் சர்வருக்குள் மூன்று விர்ச்சுவல் மெஷின்களைப் போட்டேன். ஒரே பெரிய வீட்டில் தட்டி மறைத்து மூன்று குடித்தனம் வைத்தது மாதிரி. ஒவ்வொரு மெஷினும் தான் ஒரு முழுக் கம்ப்யூட்டர் என்று நம்பிக்கொண்டிருக்கும். தட்டிக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரியாது. இந்த விஷயத்தில் மெஷின்கள் என் அண்ணன்களைவிடப் பாக்கியசாலிகள்.

இந்த மூன்றையும் மேய்க்க ஒரு சர்வீஸ் ஓடுகிறது. அதற்கு ஸ்கிரீன் கிடையாது, சத்தம் கிடையாது, பின்னாலேயே இருக்கும். சர்வர் ஆன் ஆனதும் எந்த மெஷினை முதலில் எழுப்புவது, யாருக்கு எவ்வளவு மெமரி கொடுப்பது, யார் யாரைத் தொடலாம் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. நான் அதை வார்டன் என்று கூப்பிடுவேன். நல்ல ஹாஸ்டலில் வார்டன் இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. சோறு வரவில்லையென்றால்தான் தேடுவார்கள்.

வார்டன் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு ஃபைலில் வரிவரியாக எழுதிவைக்க வேண்டும். எழுதியது நான். கல்லூரியில் நான் படித்தது கணிதம். கணக்குப் படித்தவளுக்குக் கம்ப்யூட்டர் தானாக வரும் என்று அப்பா முடிவுசெய்தார். வராவிட்டால் வீட்டில் பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்பதால் வந்தது.

முதல் பிரச்சினை யார் முதலில் எழுவது என்பதில் ஆரம்பித்தது.

"மூத்தவன் நான் இருக்கேன்ல? அப்புறம் எதுக்கு யோசனை?" என்றார் பெரியண்ணன்.

"கம்ப்யூட்டருக்கு ஏது அண்ணன் தம்பி? அகர வரிசைல போடு," என்றார் சின்னண்ணன். அவர் கம்பெனிப் பெயர் அகரத்தில் ஆரம்பிக்கிறது.

இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று மூன்றையும் ஒரே சமயத்தில் எழுப்பும்படி எழுதினேன். மறுநாள் காலையில் மூன்று மெஷினும் ஒரே வாசலில் முட்டி மோதிக்கொண்டு, மதியச் சாப்பாட்டு வேளையில்தான் எழுந்தன. நியாயமாக நடந்தது, யாருக்கும் வேலை நடக்கவில்லை. அதன் பிறகு பெரியவர் முதலில், சின்னவர் இரண்டாவது, இருவரும் எழுந்து ஆசுவாசப்படுத்திக்கொண்ட பிறகு நான் என்று மாற்றினேன். சின்னண்ணன் இரண்டாம் இடத்துக்கு ஈடாகக் கூடுதல் மெமரி கேட்டார். கொடுத்தேன். அது பெரியண்ணன் காதுக்குப் போனது. அவரும் கேட்டார். கொடுத்தேன். எங்கிருந்து கொடுத்தேன் என்று இருவரும் கேட்கவில்லை.

"பாப்பா அட்ஜஸ்ட் பண்ணிப்பா," என்றார்கள், தனித்தனியாக. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் அண்ணன்களுக்குள் கருத்து வேற்றுமையே இருந்ததில்லை. குட்டக் குட்டக் குனிபவளும் முட்டாள் என்று தெரியும். தெரிந்தும் குனிந்தேன். நிமிர்ந்தால் சண்டை வரும், அந்தச் சண்டையிலும் தூது போக என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இரண்டாவது பிரச்சினை யார் யாரை நிறுத்தலாம் என்பது. ஒருநாள் பெரியண்ணன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அவர் செய்த கதவு. சத்தமில்லாமல் சாத்தும்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் பாப்பா. சின்னவனோடத என் ரூம்லேர்ந்து நிறுத்த முடியுமா?"

"முடியாதுண்ணே. உங்களோடத நீங்க நிறுத்தலாம், எழுப்பலாம். அவ்வளவுதான்."

"நல்லது. அவனாலயும் என்னோடத நிறுத்த முடியாதுல்ல?"

"முடியாது."

"நல்லது."

இரண்டாவது 'நல்லது' கொஞ்சம் மனதிலிருந்து வந்தது. அன்று சாயங்காலம் சின்னண்ணனும் வந்து ஒரு பேச்சுக்குக் கேட்டார். அவருக்கும் அதே பதில்தான். எல்லோருடையதையும் யாரால் நிறுத்த முடியும் என்று இருவருமே கேட்கவில்லை. அது அவர்கள் மனதில் தோன்றவே இல்லை என்று நினைக்கிறேன். வார்டனுக்கு ஒரு ஆள் சொல்லித் தந்திருக்க வேண்டுமே என்று யாருக்குத் தோன்றுகிறது?

இப்போது ஆஸ்பத்திரி விஷயத்துக்கு வருகிறேன்.

ஊருக்கு வெளியே புதிதாக ஒரு ஆஸ்பத்திரி கட்டி முடிக்கிறார்கள். கதவும் ஜன்னலும் வேறு எங்கோ வாங்கிவிட்டார்கள். அண்ணன்கள் இருவரும் போட்டிபோட்டு விலையைக் குறைத்துக்கொண்டே போனதில், தரத்தின் மேல் சந்தேகம் வந்து இருவரையும் தள்ளிவிட்டார்கள். பூட்டு மட்டும் பாக்கி. ஆஸ்பத்திரிப் பூட்டு என்றால் விளையாட்டில்லை. நர்ஸ் சாவி வார்டையும் மருந்து அலமாரியையும் திறக்க வேண்டும், கிடங்கைத் திறக்கக் கூடாது. துப்புரவு செய்கிறவர் சாவி எல்லாக் கழிவறையையும் திறக்க வேண்டும், மருந்து அலமாரியைத் தொடக் கூடாது. எல்லாவற்றையும் திறக்க ஒரு மாஸ்டர் சாவி வேண்டும். எந்தச் சாவிக்கு எந்தப் பல் என்று ஒரு திட்டம் போட வேண்டும். நான் அதை என் மெஷினில் போட்டிருந்தேன். ஒரு அறையை மாற்றினால் எந்தெந்தச் சாவி மாறும் என்பதை உடனே காட்டும்.

கொள்முதல் பார்க்கும் மேடம் வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அந்தத் திட்டத்தை ஓட்டிக் காட்டச் சொன்னார். பிடித்தால் ஆர்டர் எனக்கு, இல்லாவிட்டால் அன்று மதியமே அடுத்த கம்பெனிக்குப் போகிறேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அப்படிப் பேசுகிறவர்களைப் பிடிக்கும்.

அந்த ஆர்டர் எனக்கு எதற்கு என்றால், எதிர்ச் சாரியில் ஒரு கடை காலியாக இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே வெளிச்சம். பக்கத்தில் கழிவறை இல்லை. அந்த ஆர்டர் கிடைத்தால் அங்கே போய்விடுவேன். கிடைக்காவிட்டால் அந்த வராந்தாவின் கோடியிலேயே தூது போய்க்கொண்டு கிழவியாவேன். இதை என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். "உங்கண்ணனுங்க விட்டுடுவாங்களா?" என்றார். "கவனிக்க மாட்டாங்க," என்றேன்.

புதன்கிழமை சின்னண்ணன் வந்தார். புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருந்தார். வாடிக்கையாளரின் வீட்டுப் படத்தில் நம் ஜன்னலை மாட்டிக் காட்டுமாம். திரைச்சீலை காற்றில் ஆடுமாம்.

"திரைச்சீலை நாம விக்கறதில்லையே அண்ணே?"

"ஆடினா நல்லாருக்கும்ல. கொஞ்சம் மெமரி கூட்டிக் குடு."

பெரியண்ணனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். அந்த வராந்தாவில் ரகசியங்கள் நம்மைவிட வேகமாக நடக்கும். அரை மணி நேரத்தில் அவரும் வந்து நின்றார். அவருக்கு எந்தச் சாஃப்ட்வேரும் இல்லை. சின்னவனுக்கு எவ்வளவோ அவ்வளவு வேண்டும், அதுதான் தேவை.

ஃபைலைத் திறந்தேன். இருவருக்கும் எழுதினேன். கூட்டிப் பார்த்தால் எனக்கு மிஞ்சுவதில் என் மெஷின் எழாது. இருப்பதற்குமேல் வாக்குக் கொடுக்கும்படியும் வார்டனை அமைக்கலாம். சிலர் அப்படித்தான் வைத்திருப்பார்கள். நான் கூடாது என்று எழுதிவைத்திருந்தேன். இல்லாததைக் கொடுப்பதாகச் சொல்லி மாட்டிக்கொண்ட மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த மாற்றம் சர்வர் அடுத்த தடவை ஆஃப் ஆகி ஆன் ஆகும்போதுதான் அமலுக்கு வரும். சர்வரை நாங்கள் மாதக்கணக்கில் அணைப்பதில்லை. மேடம் வந்து போகட்டும், வெள்ளிக்கிழமை உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

புது வரிகளைப் படித்துக்கொள்ளட்டும் என்று வார்டனை மட்டும் ஒருமுறை நிறுத்தி ஓட்டினேன். பெரியண்ணன் பதறிப்போனார்.

"அத நிறுத்தினா என் கதவு நிக்காதா?"

"நிக்காதுண்ணே. வார்டன் குளிக்கப் போனா பசங்க செத்தா போயிடுவாங்க? அது பாட்டுக்கு ஓடும்."

"அப்ப அது எதுக்கு இருக்கு?"

அந்தக் கேள்வியை என்னைப் பற்றியும் அவர் கேட்டிருக்கலாம்.

"புது மெமரி எப்ப வரும்?" என்றார்.

"அடுத்த தடவ சர்வர் ஆன் ஆகறப்ப வரும்."

இதைச் சொன்னது நான்தான். யாரிடம் சொல்கிறேன் என்பதை மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் பெரியண்ணன் எல்லோருக்கும் முன்னால் வந்திருக்கிறார். வந்தவர் மாடிப்படிக்குக் கீழே குனிந்து, சர்வரின் பொத்தானை அழுத்தி அணைத்து, மறுபடி அழுத்தி ஆன் செய்திருக்கிறார். சின்னவனுக்கு முன்னால் புது மெமரி தனக்கு வந்துவிட வேண்டும் என்பது எண்ணம். சர்வர் ஒன்று, ஆன் ஆனால் எல்லோருக்கும்தான் வரும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தாலும், முதலில் எழுகிறவனுக்கு முதலில் வரும் அல்லவா? ஒரு நிமிட வித்தியாசம். அந்த ஒரு நிமிடத்துக்காக என் அண்ணன் முழங்கால் வலியோடு படிக்கட்டுக்குக் கீழே மண்டி போட்டிருக்கிறார்.

நான் வந்தபோது கதவு எழுந்திருந்தது. ஜன்னல் எழுந்திருந்தது, திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. என் மெஷினுக்கு எதிரே வார்டன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தது: மெமரி போதவில்லை, எழுப்ப முடியாது. நான் எழுதிக்கொடுத்த சட்டப்படி அது சரியாகத்தான் நடந்திருந்தது.

மேடம் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பெரியண்ணன் அறைக்குப் போனேன்.

"அண்ணே, என் மெஷின் எழல."

"எழுப்பு."

"இடம் இல்லண்ணே. நேத்து நீங்க ரெண்டு பேரும் வாங்கினது போக மிச்சம் பத்தல. கொஞ்ச நேரம் உங்களோடத குறைச்சுக்கறேன். ஆஸ்பத்திரி மேடம் வராங்க. அவங்க போனதும் திருப்பிக் குடுத்துடறேன்."

பெரியண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சின்னவன் குறைச்சுக்கறானா?"

"இன்னும் கேக்கல."

"அவன் குறைச்சா நானும் குறைக்கறேன். நான் என்ன கல் நெஞ்சக்காரனா?"

சின்னண்ணன் அறைக்குப் போனேன்.

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"நீங்க குறைச்சா அவரும் குறைப்பாராம்."

"எல்லாத்துலயும் அவருதான முதல்ல வரணும்பாரு? இதுலயும் முதல்ல வரட்டும். அடுத்த நிமிஷம் நான் குறைக்கறேன்."

திரும்பவும் பெரியவர். திரும்பவும் சின்னவர். இருவருக்கும் முழுச் சம்மதம். இருவருமே மற்றவர் விட்டுக்கொடுப்பதற்காகப் பெருந்தன்மையோடு காத்திருந்தார்கள். கடைசியில் பெரியண்ணன் ஒரு வழி சொன்னார்.

"ஒண்ணு பண்ணு பாப்பா. அந்தம்மாவ திங்கக்கிழமை வரச் சொல்லு. என்ன இப்ப? நீ அட்ஜஸ்ட் பண்ணிப்ப."

எனக்குக் கோபம் வந்தது. தலைக்கேறும் கோபமாக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். இது அந்த ரகம் இல்லை. அழுகையும் வரும் போலிருந்தது. அழுதால் "பாப்பா அழறா" என்பார்கள், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார்கள், மெமரி கொடுக்க மாட்டார்கள். அதனால் "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் போனேன்.

ஒரு மெஷினை அணைப்பது வேறு, உறைய வைப்பது வேறு. உறைய வைத்தால் அது அந்த நொடியில் எப்படி இருந்ததோ அப்படியே டிஸ்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். பாதி எழுத்தில் நின்றது பாதி எழுத்திலேயே இருக்கும். திரும்ப எழுப்பினால் எதுவுமே நடக்காதது போல மிச்ச எழுத்தை அடிக்கும். எதுவும் தொலையாது. அது வைத்திருந்த மெமரி முழுக்கக் காலியாகும்.

வார்டனிடம் சொல்ல எனக்கு இரண்டு வரி போதும். முதல் வரியில் கதவு. இரண்டாவது வரியில் ஜன்னல். மூத்தவர் என்பதால் கதவை முதலில் உறைய வைத்தேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

மூன்றாவது வரியில் என் மெஷின் எழுந்தது. இவ்வளவு விசாலமான இடத்தில் அது எழுந்ததே இல்லை.

"பாப்பா!" பெரியண்ணன் வாசலிலிருந்து கத்தினார். "கதவு நின்னு போச்சு!"

"பாக்கறேண்ணே. ஜன்னலும் நின்னு போச்சு."



"அவனுக்குமா?"

"ஆமாண்ணே."

"சுத்தமாவா?"

"சுத்தமா."

"அப்ப சரி," என்றார் பெரியண்ணன். "அவசரம் இல்ல. மெதுவா பாரு."

சின்னண்ணன் நேரிலேயே வந்துவிட்டார். வந்தவரிடம் கதவும் நின்றுவிட்டது என்றேன். முகம் மலர்ந்தது. "பாவம் அண்ணன், காலைலயே வந்தாரு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடம் சொன்ன நேரத்துக்கு வந்தார். தலையை இழுத்துக் கட்டியிருந்தார், செருப்பு சத்தம் போடவில்லை. அவர் வராந்தாவில் நடந்து வந்தபோது, என் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் அண்ணன்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கிரீன் நின்ற பிறகு அறைக்குள் அவர்களுக்குச் செய்ய எதுவும் இல்லை. இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர். நடுவில் மூன்றாவது ஆள் உட்கார இடம் இருந்தது. வழக்கமாக அது நான் உட்காரும் இடம்.

மேடம் உட்கார்ந்ததும், "இந்த ரெண்டாவது மாடில ஒரு வார்டை மருந்துக் கிடங்கா மாத்துங்க," என்றார். மாற்றினேன். நர்ஸ் சாவிகளில் ஒரு கொத்து சிவப்பாக மாறியது, இனி அவை அங்கே செல்லாது என்று அர்த்தம். கிடங்குக்காரர் சாவி பச்சையானது. மேடம் இன்னும் நான்கைந்து அறைகளை மாற்றச் சொல்லி, வேண்டுமென்றே குழப்பப் பார்த்தார். என் திட்டம் குழம்பவில்லை.

அப்போதுதான் வெளியே பேச்சுக் குரல் கேட்டது. பெரியண்ணனும் சின்னண்ணனும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை வைத்துக்கொள்ளாமல், நேரடியாக. எத்தனையோ காலத்துக்குப் பிறகு முதல் முறை.

"அடிக்கடி இப்படித்தான் ஆகுதுல்ல?" பெரியண்ணன்.

"ஆமா. பாப்பாவும் என்ன பண்ணும்? அதுக்குத் தெரிஞ்சத பண்ணுது."

"நல்ல பொண்ணுதான். ஆனா இதெல்லாம் அதுக்கு சரியா வராதுடா."

"நானும் அதான் நினைச்சேன். நல்ல ஆளா ஒருத்தரப் போடணும்ணே."

"போடலாம். இத்தன நாளா நீ சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டிருக்கலாம்ல?"

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்க நான் எத்தனை வருடம் வராந்தாவில் மேலும் கீழும் நடந்திருக்கிறேன். இப்போது என்னால் இதெல்லாம் ஆகாது என்ற ஒன்றில் இருவரும் ஒத்துப்போய்விட்டார்கள். சுருக்கென்று தைத்தது.

மேடமுக்கும் கேட்டிருக்க வேண்டும். வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்கிரீனுக்குத் திரும்பினார்.

"எல்லாத்தையும் திறக்கற சாவி ஒண்ணு இருக்குல்ல. அது யார்கிட்ட இருக்கணும்னு நினைக்கறீங்க?"

"பெரிய பதவில இருக்கறவங்க எல்லாரும் கேப்பாங்க மேடம். அவங்ககிட்ட குடுக்காதீங்க. தன்கிட்ட அது இருக்குன்னு காட்டிக்காத ஆள்கிட்ட குடுங்க."

"உங்க அனுபவமா?"

"பூட்டுக்காரி மேடம். எல்லாம் அனுபவம்தான்."

மேடம் சிரிக்கவில்லை, ஆனால் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அடுத்த வாரம் வேலைய ஆரம்பிச்சுடுங்க," என்றார்.

அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். பெஞ்சைக் கடக்கும்போது அண்ணன்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். திரும்பி வந்து, என் சாவித் திட்டத்தைத் தனியாகப் பிரதி எடுத்துக்கொண்டு, என் மெஷினை அணைத்தேன். மேடம் உத்தரவு கொடுத்துவிட்டார், இனி அது எழாவிட்டாலும் பரவாயில்லை. முதலில் கதவை எழுப்பினேன், அடுத்து ஜன்னலை.

"பாப்பா, வந்துடுச்சு! நான் பாதி அடிச்சது அப்படியே இருக்கு!" என்றார் பெரியண்ணன். அவர் குழந்தை மாதிரி சந்தோஷப்படும்போது கோபத்தை வைத்துக்கொள்வது கஷ்டம். எனக்கு அவர்கள் இருவரையும் பிடிக்கும். அதுதான் தொல்லை.

உறைந்து எழுந்த மெஷினுக்கு, தான் உறைந்திருந்தது தெரியாது. அதன் கடிகாரம் உறைந்த நேரத்திலிருந்தே தொடரும். எழுந்ததும் நேரத்தைச் சரிசெய்ய ஒரு வரி இருக்கிறது. எழுதவில்லை. பெரியண்ணன் ஸ்கிரீனைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் ரொம்ப வேகமாக ஓடுகிறது என்ற முடிவுக்கு வந்தார். ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைப் பின்னால் தள்ளினார். சின்னண்ணன் தன் அறையில் அதையே செய்தார். அன்று கதவும் ஜன்னலும் இருட்டும்வரை வேலை பார்த்தன. பூட்டு மட்டும் நேரத்துக்கு வீட்டுக்குப் போனது.

மறுநாள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, எதிர்க் கடைக்குப் போகிறேன் என்றேன். பெரியண்ணன் ஜன்னல் வழியாக எதிரே பார்த்தார். சின்னண்ணனும் பார்த்தார்.

"அப்ப இத யாரு பாத்துப்பா?" என்றார்கள், ஒரே குரலில்.

"நல்ல ஆளா ஒருத்தரப் போடறதா பேசிக்கிட்டீங்களே?"

இருவரும் தரையைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்துக்குத்தான். அடுத்த ஒரு வாரம் முழுக்க ஆள் தேடினார்கள். பெரியண்ணன் கொண்டுவந்த ஆள் கதவுக்காரனின் ஆள் என்று சின்னண்ணன் ஒப்பவில்லை. சின்னண்ணன் கொண்டுவந்த ஆளுக்கும் அதே கதி. கடைசியில் இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள். உன்னிடம் இருக்கும் அதிகாரத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். ஃபைலைத் திறந்து, என் மெஷினின் வரிகளை அழித்தேன். யார் யாரைத் தொடலாம் என்ற இடத்தில், எல்லோரும் எல்லோரையும் என்று எழுதினேன். எதையும் மறைக்கவில்லை.

"அவனுக்கும் குடுத்துட்டியா?" என்றார் பெரியண்ணன்.

"ஆமாண்ணே. உங்களுக்கும் அவருக்கும் சமம்."

"பரவால்ல. அவனுக்கு எப்படி நிறுத்தறதுன்னு தெரியாது."

சின்னண்ணனும் வார்த்தை மாறாமல் இதையே சொன்னார். எப்படி நிறுத்துவது என்று இருவருக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். எப்படி எழுப்புவது என்பதையும் சொன்னேன். அந்தப் பகுதியில் இருவருக்கும் கவனம் சிதறியது.

எதிர்க் கடையில் எனக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு வார்டன் தேவையில்லை. பலகையில் என் முழுப் பெயரை எழுதியிருக்கிறேன். திறப்பு நாளன்று பெரியண்ணன் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "இது யாரு?" என்றார். விளையாட்டுக்குத்தான் கேட்டார் என்று நம்புகிறேன்.

முதல் சில நாட்கள் காது வெறிச்சோடிப்போனது. யாரும் பாப்பா என்று கத்தவில்லை. ஒருநாள் காலை, ஆஸ்பத்திரி மேடம் எதிரே உட்கார்ந்து முதல் கொத்துச் சாவிகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"பாப்பா, கதவு நின்னு போச்சு."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சாலைக்கு அந்தப் பக்கம், வாசலுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்ட அந்தப் பெஞ்சில் பெரியண்ணன் உட்கார்ந்திருந்தார். மறுகோடியில் சின்னண்ணன்.

"ஜன்னல்?"

"அதுவும் நின்னு போச்சு."

"எப்படிண்ணே?"

"அவன் என்னோடத நிறுத்தினான். அதனால நான் அவனோடத நிறுத்தினேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "நீ வந்து பாரேன்."

பெஞ்சில் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தேன். எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பொய் சொல்லவில்லை, கால் தானாக நகர்ந்தது. மேடம் அடுத்த சாவிக்காகக் கையை நீட்டினார்.

"ரெண்டு பேருக்கும் நின்னுடுச்சுல்ல?" என்று போனில் கேட்டேன்.

"ஆமா."

"அப்ப சரிண்ணே," என்றேன். "திங்கக்கிழமை வரேன். அதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

போனை வைத்துவிட்டு மேடம் கையில் சாவியைக் கொடுத்தேன்.